சைலன்சர் சத்தமும் ஹெல்மெட்டும்: காதுக்குள் உண்மையில் கேட்பது எது?

“அண்ணா, சைலன்சர் மாத்தினதுல இருந்து அரை மணி நேரம் ஓட்டினாலே காது வலிக்குது. வெளிச்சத்தம் உள்ளே வராத ஹெல்மெட் எதுன்னு சொல்லுங்க.”

என்னோடு சேர்ந்து வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டது இது. இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சத்தம் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வருகிறது, தடிமனான ஹெல்மெட் போட்டால் அடங்கிவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனிச் சத்தங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று சைலன்சரிலிருந்து வருவது. மற்றொன்று ஹெல்மெட்டைச் சுற்றி ஓடும் காற்று எழுப்புவது. முதலாவதை எந்த ஹெல்மெட்டாலும் பெரிதாகத் தடுக்க முடியாது. இரண்டாவதுதான் காதை அதிகம் கெடுக்கிறது, அதைக் குறைக்கச் சரியான ஹெல்மெட் ஓரளவு உதவும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஹெல்மெட் வாங்கினால் காசும் போகும், காதும் போகும்.

சைலன்சரிலிருந்தே தொடங்கலாம்.

எஞ்சினின் வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில், சிலிண்டருக்குள் எரிந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அது ஒரே மூச்சில் குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சின்ன வெடி. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் ஒரு வெடி. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 1500 வெடிகள், அதாவது விநாடிக்கு 25. அந்த 25 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 50, 75, 100 ஹெர்ட்ஸும் சேர்ந்துதான் நாம் கேட்கும் ‘டம டம’. நான்கு சிலிண்டர் வண்டி 6000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 200 வெடிகள். அதனால்தான் அது டமடமக்காமல் ஊளையிடுகிறது.

இந்த வெடிகளை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவில் மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற இருவர் 1897இல் காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை வேலை அதிகம் மாறவில்லை. ஒரு வகையில், உள்ளே அறைகளும் தடுப்புத் தகடுகளும் இருக்கும். ஒலியலைகள் முட்டி மோதித் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்னொரு வகையில், ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருக்கும். ஒலி அதற்குள் புகுந்து வெப்பமாகிக் கரையும். வண்டியோடு வரும் சைலன்சர்கள் பெரும்பாலும் முதல் வகை, அல்லது இரண்டும் கலந்தவை. வெளியே வாங்கி மாட்டும் குழாய்களில் பல இரண்டாம் வகை. அவற்றின் வாயில் ‘டிபி கில்லர்’ என்று ஒரு சின்ன உள்குழாய் செருகியிருப்பார்கள். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். தம்பி அதைத்தான் கழற்றியிருந்தார். பஞ்சடைத்த குழாய்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. பஞ்சு சூட்டில் கருகி, வாயுவோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். வாங்கியபோது அளவாக இருந்த சத்தம் காலப்போக்கில் கூடிக்கொண்டே போகும். தினமும் கேட்கிறவருக்கு அந்த மாற்றம் தெரியாது.

சரி, இந்தச் சத்தத்தை ஹெல்மெட் ஏன் தடுப்பதில்லை?

காரணம் அலைநீளம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோலும் துணி மெத்தையும் சேர்ந்து சில சென்டிமீட்டர் தடிமன்தான். 7 மீட்டர் அலைக்கு அது ஒரு தடையே கிடையாது. போதாக்குறைக்கு, ஹெல்மெட்டின் அடிப்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. கழுத்து நுழைகிற வழியில் தாழ்ந்த ஒலி சுலபமாக உள்ளே வந்துவிடும். ஹெல்மெட்டுகளின் ஒலித்தடுப்பை அளந்தவர்கள் கண்டதும் இதைத்தான்: சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளை ஹெல்மெட் ஓரளவு குறைக்கும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. 250 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைச் சற்றுக் கூட்டிவிடுவதும் உண்டு. உள்ளே அடைபட்ட காற்று ஒரு பானை போல அதிர்கிறது. ஆக, சைலன்சரின் அடித்தொனியை அடக்க ஹெல்மெட்டை நம்புவது, கொசுவலையை வைத்து மழையைத் தடுக்கப் பார்ப்பது மாதிரி.

காற்றுதான் முதல் குற்றவாளி

ஓட்டுகிறவர் குழாயின் வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் பின்பக்கமாகப் போகிறது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினாலோ, நெரிசலில் ஊர்ந்தாலோ சைலன்சர்தான் காதில் மேலோங்கும். சாலையில் வேகம் பிடித்துவிட்டால் கதை மாறிவிடுகிறது.

ஒலியியலில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒரு திடப்பொருளை உரசிக் கலங்கும் காற்று எழுப்பும் ஒலியின் ஆற்றல், வேகத்தின் ஆறாம் படியை ஒட்டி உயரும். வேகம் இரண்டு மடங்கானால் ஒலி ஆற்றல் 64 மடங்கு. ஒலியின் அளவைச் சொல்லும் அலகான டெசிபலில் சொன்னால் 18 கூடுதல். எஞ்சின் சத்தம் வேகத்தோடு இப்படித் தாவுவதில்லை. அதனால் ஏதோ ஒரு வேகத்தில் காற்று சைலன்சரை முந்திவிடுகிறது. சாதாரண சைலன்சர் உள்ள வண்டியில் அது மணிக்கு 60–70 கி.மீ.க்குள்ளேயே நடந்துவிடும். அந்த வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபல் அளவிலும், 100 கி.மீ. வேகத்தில் 100 டெசிபலை ஒட்டியும் ஒலி இருப்பதைப் பல அளவீடுகள் காட்டியிருக்கின்றன. வண்டி, ஹெல்மெட், ஓட்டுகிறவரின் உயரம் எல்லாவற்றையும் பொறுத்துச் சில டெசிபல் கூடும் குறையும்.

100 டெசிபல் என்றால் என்ன அர்த்தம்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். நெடுஞ்சாலையில் 15 நிமிடம் என்பது ஒரு பயணத்தின் தொடக்கம்கூடக் கிடையாது.

நான் இதைப் புரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. நாள் முழுக்க ஓட்டிவிட்டு இரவு படுக்கும்போது காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு ரீங்காரம் இருக்கும். பக்கத்தில் பேசுகிறவர்கள் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். காலையில் சரியாகிவிடும், களைப்பு என்று விட்டுவிடுவேன். உண்மையில் அது உள்காதின் நுண்மயிர் செல்கள் அடிபட்டுச் சோர்ந்துபோனதன் அடையாளம். ஒரு காதில் ஏறக்குறைய 15,000 செல்கள்தான் இருக்கின்றன. சோர்ந்தவை ஓய்வெடுத்து மீளும். செத்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேட்கும் திறன். உயிரொலிகள் பழையபடி கேட்கும், மெய்யொலிகள் மங்கும். ‘சட்டை’ என்றார்களா, ‘கட்டை’ என்றார்களா, ‘பட்டை’ என்றார்களா என்று குழம்பும். வீட்டில் இருப்பவர்கள் வாய்க்குள்ளேயே பேசுவதாக நாம் குறை சொல்லத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான்.

காற்றுச் சத்தம் ஹெல்மெட்டில் எங்கே பிறக்கிறது என்பதும் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. மேலே இருக்கும் காற்றுத் துளைகள்மீதுதான் எல்லாரும் பழி போடுவார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்லியும் உடன் ஆய்வாளர்களும், பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டிக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்து 2011இல் ஒரு முடிவைச் சொன்னார்கள்: காதை எட்டும் சத்தத்துக்கு முக்கிய மூலம் ஹெல்மெட்டின் அடிப்பக்கம், தாடைப் பகுதிக்குக் கீழே சுழலும் காற்று. இதை நீங்களே சோதிக்கலாம். வேறொருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும்போது ஹெல்மெட்டின் தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் குடை போலப் பிடித்துப் பாருங்கள். சத்தத்தின் குணமே மாறும். கையை எடுத்ததும் அந்த உறுமல் திரும்ப வந்து உட்காரும்.

இன்னொரு குற்றவாளி வண்டியிலேயே இருக்கிறது: விண்ட்ஷீல்டு. அது காற்றைத் தடுக்கிறது என்று நினைக்கிறோம். தடுக்கப்பட்ட காற்று அதன் மேல்விளிம்பைத் தாண்டிச் சுருண்டு கலங்கி நேராக ஹெல்மெட்டின் மீது வந்து மோதும். விண்ட்ஷீல்டே இல்லாத நேக்கட் பைக்கில் நெஞ்சில் காற்று அறைந்தாலும், ஹெல்மெட்டை வந்தடைவது கலங்காத காற்று. அதனால் சத்தம் குறைவாக இருப்பதும் உண்டு. ஒரு நேரான, வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் இருக்கையிலிருந்து சற்றே எழும்பித் தலையை உயர்த்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் பிரச்சினை ஹெல்மெட்டில் இல்லை, விண்ட்ஷீல்டின் உயரத்தில் இருக்கிறது. புது ஹெல்மெட் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது.

அப்படியானால் எந்த ஹெல்மெட்?

ஹெல்மெட் முதலில் மண்டையைக் காக்கத்தான் இருக்கிறது. சத்தம் அதற்குப் பிறகுதான். 1935இல் லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று அறியப்பட்ட முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. ராணுவத்தின் மோட்டார் சைக்கிள் தூதர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1941இல் ஹெல்மெட்டின் பயனைக் கட்டுரையாக வெளியிட்டார். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது இயல்பாக இருந்த காலம் அது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவதால் விபத்தில் இறக்கும் அபாயம் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது.

சத்தமான சைலன்சர் மாட்டிய வண்டிகளோடு அரை ஹெல்மெட்டும் சேர்ந்தே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்றம் பொருந்துகிறது என்பது ஒரு காரணம். ‘முழு ஹெல்மெட் போட்டால் பக்கத்தில் வருகிற வண்டிச் சத்தம் கேட்பதில்லை’ என்பது அடுத்த காரணம். இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில், விபத்து நடந்த இடத்துக்கே போய் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வந்தது. போக்குவரத்தில் கேட்க வேண்டிய முக்கியமான ஒலிகளை ஹெல்மெட் மறைக்கவில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று. யோசித்தால் புரியும். ஹெல்மெட் வெளி ஒலியைக் குறைக்கும்போது ஹாரனையும் குறைக்கும், சுற்றியுள்ள இரைச்சலையும் அதே அளவு குறைக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். அரை ஹெல்மெட்டில் காதைச் சுற்றிக் காற்று நேரடியாகக் கலங்குவதால், வேகம் கூடினால் ஹாரன் அதிலேயே முங்கிப்போகும்.

தாடையை மறக்கக் கூடாது. ஜெர்மனியில் டீட்மர் ஓட்டே அடிபட்ட ஹெல்மெட்டுகளை ஆராய்ந்து, அடி விழுந்த இடங்களை வரைபடமாகப் போட்டார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிகள் தாடைப் பகுதியில் விழுந்திருந்தன. அரை ஹெல்மெட்டும் ஓப்பன் ஃபேஸும் அந்த இடத்தை மொத்தமாகக் காலியாக விடுகின்றன.

தரச்சான்று விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உங்கள் நாடு ஏற்கும் முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த இ.சி.இ. 22.06 தரத்தின் முத்திரை உள்ளதைப் பாருங்கள். நேராக மோதும் அடியோடு, சாய்வாக மோதித் தலையைச் சுழற்றும் அடியையும் அந்தத் தரம் சோதிக்கிறது. மூளைக்கு அதிகம் கேடு செய்வது அந்தச் சுழற்சிதான்.

பொருத்தத்தில்தான் பலரும் தவறுகிறோம். பெரும்பாலோர் ஓர் அளவு பெரிதாக வாங்குகிறார்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது தளர்வாக இருப்பது சுகமாகத் தெரியும். ஓரிரு மாதத்தில் மெத்தை அமுங்கி இன்னும் தளர்ந்துவிடும். தளர்ந்த ஹெல்மெட் விபத்தில் கழன்றுபோகலாம். அன்றாட ஓட்டத்தில் கன்னத்துக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று புகுந்து சத்தம் போடும். பாதுகாப்புக்கு எது சரியோ அதுவே இங்கே காதுக்கும் சரி, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரியான ஹெல்மெட் முதல் தடவை மாட்டும்போது காதை மடித்துக்கொண்டுதான் இறங்கும். கன்னங்கள் உள்ளே தள்ளப்பட்டு, பேசினால் உள்கன்னம் பல்லில் படும். பட்டையைப் பூட்டிவிட்டு, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னமும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகத் திரும்பினால் பெரிது. பின்பக்கம் அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். தலையை விட்டு உருண்டு வந்தால் அது வேண்டாம். அப்புறம் அரை மணி நேரம் போட்டபடியே இருங்கள். கழற்றியதும் நெற்றியில் நாணயம் அளவுக்குச் சிவந்து வலிக்கிற புள்ளி இருந்தால் அளவு சரி, வடிவம் தவறு. தலைகள் எல்லாம் ஒரே வார்ப்பு கிடையாது. சிலருடையது உருண்டை, சிலருடையது முன்பின் நீண்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தலை வடிவத்தை மனதில் வைத்துத்தான் அச்சு செய்கிறது. நண்பருக்கு அமைதியாக இருக்கும் ஹெல்மெட் உங்களுக்குச் சீழ்க்கை அடிப்பதற்கு இதுதான் காரணம்.

காதுக்காகப் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கழுத்தைச் சுற்றி நெருக்கமாக அணையும் கனமான துணி வளையம், தாடைக்குக் கீழே மாட்டும் சின்னத் திரை, மூடியதும் ரப்பரில் இடைவெளியின்றி அமரும் வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி. தாடை தூக்கும் மாடுலர் ஹெல்மெட்டுகளில் இணைப்பு விளிம்புகள் கூடுதலாக இருப்பதால் பொதுவாகச் சற்று அதிகச் சத்தம். ஆனால் நல்ல தயாரிப்பு ஒன்று, மட்டமான ஃபுல் ஃபேஸைவிட அமைதியாக இருக்கவும் கூடும். எப்படிப் பார்த்தாலும், ஒரு நல்ல ஹெல்மெட்டுக்கும் சுமாரான ஹெல்மெட்டுக்கும் நடுவே சத்தத்தில் சில டெசிபல்தான் வித்தியாசம். 100ஐ 95 ஆக்கலாம். 80 ஆக்க முடியாது.

காதை உண்மையில் காப்பது வேறு. விரல்நுனி அளவு ஃபோம் காதடைப்பான்.

சரியாக வைத்தால் 20 முதல் 30 டெசிபல்வரை குறைக்கக்கூடியது அது. சரியாக வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே மெல்லிய குச்சி போல உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் பயன் பாதிகூட இல்லை. முதல்முறை போட்டு ஓட்டியபோது எனக்கு வண்டி மெதுவாகப் போவது போலத் தோன்றியது. வேகமானியைப் பார்த்தால் வழக்கத்தைவிடக் கூடுதல் வேகம். இத்தனை நாள் வேகத்தைக் காற்றின் இரைச்சலை வைத்தே கணித்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அதனால் முதல் சில நாட்கள் வேகமானியில் ஒரு கண் இருக்கட்டும். ஹாரனும் சைரனும் கேட்கும். உரத்த இரைச்சலில் திணறாமல் காது வேலை செய்வதால் பலருக்கு இன்னும் தெளிவாகவே கேட்கும். ஓட்டும்போது காதை அடைப்பது குறித்துச் சில இடங்களில் சட்டக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் ஊர் விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

‘சத்தம் இருந்தால்தான் கார்க்காரன் ஒதுங்குவான்’

டிபி கில்லரை ஏன் கழற்றினாய் என்று கேட்டால் தம்பியிடமிருந்து வந்த பதில் இது. உலகம் முழுக்க இந்த நம்பிக்கை இருக்கிறது. ரசனைக்காகக் கழற்றினேன் என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன். உயிர் காக்கும் என்று சொன்னால் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

குழாயின் வாயிலிருந்து அரை மீட்டரில் 96 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 90, 2 மீட்டரில் 84, 4 மீட்டரில் 78, 8 மீட்டரில் 72, 16 மீட்டரில் 66. இது குழாய் பார்க்கும் திசையில். முன்பக்கம் இன்னும் குறைவு. இந்த 66, மூடிய கார்க் கண்ணாடிகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். உள்ளே டயர் சத்தம், ஏசி, பாட்டு எல்லாம் சேர்ந்து அதே அளவு இரைச்சல் ஏற்கெனவே இருக்கும். காருக்குள் இருப்பவருக்கு வந்து சேர்வது ஒன்றுமில்லை. குழாயை 106 டெசிபலுக்குத் திறந்துவிட்டாலும் 16 மீட்டரில் 76தான். வேகமாக வருகிற வண்டி 16 மீட்டரை ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். அந்தக் கடைசி விநாடியில் கேட்டு யாரும் எதையும் செய்துவிட முடியாது.

அடுத்தது திசை. ஹர்ட் அறிக்கையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட விபத்துகளில் ஆபத்து வந்த திசை, நேர் முன்னாலிருந்து இருபுறமும் 45 பாகைக்குள். எதிரே வந்து திடீரெனத் திரும்பும் கார்தான் நம் முக்கிய எதிரி. சைலன்சரோ பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பதும் கடினம்; கட்டடங்களில் பட்டுத் திரும்பினால் இன்னும் குழப்பம். கேட்டவர் தவறான பக்கம் திரும்பிப் பார்க்க வாய்ப்பு நிறைய. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பக்கத்துக் கார் நம்மைக் கவனிக்காமல் தடம் மாற வந்தால் சத்தம் ஓரளவு உதவலாம், அதை மறுக்கவில்லை. அந்த வேலைக்கு வண்டியிலேயே ஒரு ஹாரன் இருக்கிறது. தேவைப்படும் கணத்தில், முன்பக்கமாக ஒலிக்கும்.

கவனிக்கப்பட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு ஹெல்மெட்டே கைகொடுக்கும், சத்தமே இல்லாமல். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடந்து 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் விபத்தின் அபாயம் 24 சதவீதம் குறைவு என்று கண்டது. ஒளிரும் அல்லது பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. பகலிலும் முகப்பு விளக்கு எரியவிட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. வெள்ளை ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுப்பவர் இயல்பிலேயே கொஞ்சம் நிதானமானவராக இருக்கலாம். வயது, அனுபவம் போன்ற வேறுபாடுகளைக் கழித்த பிறகும் பெருமளவு எஞ்சிய எண்கள்தான் இவை. கறுப்பு மேட் ஃபினிஷ் ஹெல்மெட், கறுப்பு ஜாக்கெட், திறந்த சைலன்சர் என்று கிளம்புகிறவர் கண்ணுக்கு மறைந்துகொண்டு காதைத் தேடுகிறார்.

சத்தத்தை வாங்கிக்கொள்வது பின்னால் இருப்பவர்களும் வீட்டுக்குள் இருப்பவர்களும்தான். சாலைப் போக்குவரத்து ஒலி இரவில் சராசரியாக 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. சராசரி நன்றாக இருந்தாலும் ஒற்றை வண்டி உறக்கத்தைக் கலைத்துவிடும். பாரிஸ் வட்டாரத்தின் இரைச்சலை அளக்கும் புரூயிபாரிஃப் அமைப்பு, சைலன்சரை மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் நகரைக் குறுக்காகக் கடந்தால் 10,000 பேர்வரை எழுப்பிவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறது. கைபேசிச் செயலியில் அளந்து பார்த்து ‘அவ்வளவொன்றும் இல்லையே’ என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ‘ஏ’ எடையிட்ட டெசிபல், 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 30 டெசிபலையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். மெல்லிய ஒலிகளுக்குக் காது நடந்துகொள்ளும் விதத்தை ஒட்டிய கழிவு அது. சன்னலை மூடினாலும் சுவரை அதிரவைத்துக்கொண்டு உள்ளே வரும் அடித்தொனி அந்த எண்ணில் சுருங்கிப்போகிறது.

குழாய் மாற்றியே தீர வேண்டும் என்றால் மாற்றுங்கள், உங்கள் நாட்டில் சாலைக்கு ஒப்புதல் பெற்றதாகப் பார்த்து, டிபி கில்லரைக் கழற்றாமல். பல நாடுகளில் சோதனை எப்படி நடக்கிறது என்றால், குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மைக்கை வைத்து, வண்டியைப் பொறுத்து உச்ச சக்தி தரும் சுழற்சியில் பாதிக்கோ முக்கால் பங்குக்கோ எஞ்சினை ஓடவிட்டு அளப்பார்கள். ஓடும் வண்டியை 7.5 மீட்டர் தள்ளி நின்று அளக்கும் சோதனை தனி. ஒப்புதல் எண் உள்ளே டிபி கில்லர் இருக்கும் நிலைக்குத்தான் கொடுக்கப்படுகிறது. கழற்றியதும் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பஞ்சடைத்த குழாய் என்றால் சத்தம் கரகரப்பாக மாறும்போது பஞ்சைப் புதுப்பிக்க வேண்டும். குழாயைத் திறந்தால் சக்தி கூடும் என்பதும் பல வண்டிகளில் வெறும் நினைப்புதான். எரிபொருள் அளவைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால், அன்றாடம் ஓட்டும் குறைந்த சுழற்சிகளில் இழுவை குறைவதும் உண்டு. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது.

தம்பி டிபி கில்லரைத் திரும்பப் பூட்டிவிட்டார். பழைய ஹெல்மெட் ஓர் அளவு பெரிதாக இருந்தது. சரியான அளவில் வெள்ளை ஃபுல் ஃபேஸ் ஒன்று வாங்கினார். நெடுந்தூரத்துக்குக் காதடைப்பான். சென்ற வாரம் அழைத்தார். சந்துக்குள் மெதுவாக வண்டியைத் திருப்பும்போது செயினில் ‘கிறீச் கிறீச்’ என்று ஏதோ கேட்கிறது, புதுக் கோளாறா என்று கேட்டார். போய்ப் பார்த்தோம். செயின் எண்ணெய் காய்ந்து பல மாதம் ஆகியிருந்தது.